கம்பரீன் சேமி, இந்தியன்

அமெரிக்காவில் குடியிருக்க வேண்டுமென்றால் இனிமேல் செத்துப்போன ஒருவர் சிபாரிசு செய்ய வேண்டும். வேர்ச் சட்டத்தைப் பற்றி மணிமொழி தன் தங்கைக்கு ஃபோனில் இப்படித்தான் விளக்கினாள். அந்த நாடு நாடாவதற்கு முன்பே அந்த மண்ணில் கால் வைத்த மூதாதை ஒருவர் உனக்கு உண்டா? உண்டென்றால் இரு. இல்லையென்றால் பெட்டியைக் கட்டு. குடியுரிமைத் தாள், சொந்த வீடு, வேலை, அங்கேயே பிறந்த பிள்ளை என்று எதைக் காட்டினாலும் வேர் அலுவலகத்தில் தலையாட்டிக் கேட்டுக்கொண்டு, மூதாதை யார் என்று மறுபடி கேட்பார்கள்.

பால்டிமோருக்கு வெளியே அவர்கள் குடியிருந்த தெருவில் பாதி வீடுகள் காலியாகிவிட்டன. எதிர்வீட்டுக் கொரியக் குடும்பம் போனபோது அவர்களுடைய பூனையை மணிமொழியின் மகள் துளிர் எடுத்துக்கொண்டாள். துளிருக்குப் பதினாறு வயது. அந்த ஊர் ஆஸ்பத்திரியில் பிறந்து அந்த ஊர்ப் பள்ளியில் படித்தவள். கோபம் வந்தால் மட்டும் தமிழ் பேசுவாள். சட்டம் வந்ததிலிருந்து அந்தப் பெண் எதையும் கேட்பதில்லை. புதுச் செருப்பு வேண்டுமா என்று கேட்டால், "அங்க போய் வாங்கிக்கலாம்" என்பாள். அங்கே என்றால் அவள் இரண்டே முறை பார்த்த மன்னார்குடி. 

மணிமொழி ஆஸ்பத்திரி மருந்தகத்தில் வேலை பார்த்தாள். கணவன் தியாகேசன் பாலங்களைச் சோதிக்கும் பொறியாளர். இருவரும் ஒரே ஊர்தான். ஆனால் ஒரே தெரு இல்லை. தியாகேசனின் வீடு மிராசுதார் வீடு. மணிமொழியின் அப்பா அந்த வீட்டு வயலில் பண்ணையாள். இரண்டு பேரும் கல்யாணம் செய்துகொண்டு விமானம் ஏறியதற்கு அந்த ஒரு காரணமே போதும். கல்யாணப் பதிவு அலுவலகத்துக்கு வந்து கத்திய மாமனார் வைத்திலிங்கம் கடைசியாகச் சொன்ன வாக்கியம் அவளுக்கு இன்னும் காதில் இருந்தது. எங்க வம்சத்துல எவனும் எவன் முன்னாலயும் கைகூப்பி நின்னதில்லடா, உன்னால நான் நிக்கிறேன் என்று மகனைப் பார்த்துக் கைகூப்பினார். மணிமொழியின் பக்கம் அவர் திரும்பவே இல்லை.

வேர் தேடும் இயந்திரத்தை அமெரிக்காவே மெச்சிக்கொண்டிருந்தது. உலகத்திலுள்ள தேவாலயப் பதிவு, கப்பல் பதிவு, நீதிமன்றப் பதிவு எல்லாவற்றையும் விழுங்கிவிட்டு, மனுப் போட்டவனின் ஒரு சொட்டு ரத்தத்தையும் வாங்கிக்கொண்டு, பதிவிலுள்ள யாருக்காவது அவனோடு முடிச்சுப் போட முடியுமா என்று பார்க்கும். முடிந்தால் நல்லகாலம். தமிழ்க் குடும்பங்கள் பெரும்பாலும் ஒப்புக்காக மனுப் போட்டுவிட்டு விமானச் சீட்டு பார்க்கத் தொடங்கிவிடுவார்கள். தியாகேசனும் அப்படித்தான் போட்டான். அதனால் வேர் அலுவலகத்திலிருந்து அழைப்பு வந்தபோது இருவரும் மறுப்புத் தாளில் கையெழுத்துப் போடவேண்டியிருக்கும் என்றுதான் போனார்கள்.

அங்கிருந்த அதிகாரியின் பெயர் மிஸஸ் ட்ரெண்ட். ஐம்பது வயதிருக்கும், கனிவானவர், மேசைமேல் மிட்டாய்க் கிண்ணம் வைத்திருந்தார். அவர் திரையில் ஒரு வெள்ளைக் குச்சியைக் காட்டினார்.

"இது களிமண் புகைக்குழாய். கிழக்குக் கரையில் பழைய புகையிலைத் தோட்டம் ஒன்றைத் தோண்டும்போது அடுப்படியில் கிடைத்தது. குடித்தவரின் எச்சில் களிமண்ணில் ஊறியிருக்கிறது. முந்நூறு நானூறு வருடத்துக்கு முந்தைய எச்சில்."

"அதுக்கும் எங்களுக்கும் என்ன?" என்றான் தியாகேசன்.

"அப்பாவிடமிருந்து மகனுக்கு மாறாமல் போகும் அடையாளம் ஒன்று உண்டு. அந்த எச்சிலில் இருப்பதும் உங்கள் ரத்தத்தில் இருப்பதும் ஒன்று. உங்கள் முப்பாட்டனுக்கு முப்பாட்டன் ஊரில் ஒரு பையனை விட்டுவிட்டுக் கப்பல் ஏறியிருக்கிறார். அல்லது ஏற்றப்பட்டிருக்கிறார். அந்தக் காலத்தில் கம்பெனிக் கப்பல்களில் உங்கள் கரையிலிருந்து வேலையாட்களைக் கொண்டுவந்தார்கள்."

மணிமொழி நாற்காலியின் நுனிக்கு வந்தாள். இருந்துவிடலாம், துளிர் இங்கேயே இருந்துவிடலாம் என்று அந்த ஒரு நிமிஷம் நம்பினாள். மிஸஸ் ட்ரெண்ட் மிட்டாய்க் கிண்ணத்தை நகர்த்தி வைத்தார்.

"ஆனால் சட்டம் எச்சிலுக்கு வாரிசு கொடுக்காது. பெயருக்குத்தான் கொடுக்கும். அந்தத் தோட்டத்துப் பதிவுகளை உங்களுக்கு அனுப்புகிறேன். அதில் உங்கள் ஆள் யார் என்று காட்டுங்கள். இயந்திரத்துக்குப் பிடிபடவில்லை. விசாரணை நாளுக்குள் காட்டினால் போதும்."

கிளம்பும்போது இருவருக்கும் ஆளுக்கொரு பொத்தான் கொடுத்தார். மனு உயிரோடு இருக்கும்வரை வெளியே போனால் சட்டையில் மாட்டிக்கொள்ள வேண்டும். அது சும்மா கேட்டுக்கொண்டிருக்கும். யாராவது ஒரு மொழியில் சொன்னதை இன்னொரு மொழியில் தப்பாக மாற்றிச் சொன்னால் மட்டும் வாயைத் திறந்து, "திருத்தம்" என்று சொல்லிவிட்டுச் சரியான பொருளைச் சொல்லும். அலுவலகங்களில் மொழிபெயர்ப்பாளர்கள் ஏமாற்றுவதைத் தடுக்கச் செய்த ஏற்பாடு அது. முதல் நாளே அது தன் வேலையைக் காட்டியது. பக்கத்து வீட்டுக்காரர் நாயைக் கூட்டிக்கொண்டு போக, தியாகேசன் தமிழில் ஏதோ முணுமுணுக்க, என்ன சொல்கிறார் என்று அவர் கேட்டார். நாய் அழகாக இருக்கிறதாம் என்றாள் மணிமொழி. "திருத்தம்," என்றது பொத்தான், "நாயும் அதன் முதலாளியும் ஒரே மாதிரி குரைக்கிறார்கள்." அந்த மனிதர் பிறகு அவர்களைப் பார்த்துச் சிரிக்கவே இல்லை.

அன்றிலிருந்து வீட்டுக்குள் நுழைந்ததும் இரண்டு பொத்தானையும் கழற்றி அரிசி டப்பாவுக்குள் போட்டு மூடிவிட்டுத்தான் வாயைத் திறந்தார்கள்.

பதிவுகள் நூற்றுக்கணக்கான பக்கம் வந்தன. புகையிலை மூட்டை, பன்றி, ஓடிப்போன வேலைக்காரன், பிடித்துவந்து அடித்தது. வேலையாட்களில் பாதிப் பேருக்குப் பெயரே இல்லை. மணிமொழி வேலை முடிந்து வந்து சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து படித்தாள். கண் எரிந்தது. விசாரணை நாள் நெருங்க நெருங்க அவளுக்குச் சோறு இறங்கவில்லை. துளிர் பூனையை மடியில் வைத்துக்கொண்டு எதிரே உட்கார்ந்து, எதுவும் கேட்காமல் அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், மாவட்ட நீதிமன்ற எழுத்தன் ஒருவன் எழுதிய நான்கு வரி வந்தது. தோட்டத்துக்குப் புதிதாக வந்த வேலையாட்களைப் பதிவு செய்கிறான். 'அடுத்து ஓர் இந்தியன். பெயர் என்ன என்று கேட்டதற்கு இரு கைகளையும் முகத்துக்கு முன் சேர்த்து, குனிந்து, கம்பரீன் சேமி என்றான். மறுபடி கேட்டதற்கும் அதையே சொன்னான். அவ்வாறே எழுதிக்கொண்டேன்.' பக்கத்தில் இயந்திரத்தின் குறிப்பு இருந்தது: இந்தியன் என்றால் இம்மண்ணின் பூர்வகுடி, மனுவுக்குத் தொடர்பில்லை.

மணிமொழி அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டாள். பிறகு திரும்பி வந்தாள். கைகளைச் சேர்த்து, குனிந்து. அந்தப் பெயரை எழுத்துக் கூட்டி ஒரு முறை வாய்விட்டுச் சொன்னாள். இன்னொரு முறை வேகமாகச் சொன்னாள். அவளுக்கு ஆறு வயதில் பார்த்த காட்சி கண்முன் வந்தது. மிராசுதார் வீட்டு வாசலுக்கு வெளியே, துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அவளுடைய அப்பா நிற்கிறார். உள்ளேயிருந்து செருப்புச் சத்தம் கேட்டதும் இடுப்பு தானாக வளைகிறது.

கும்புடுறேன் சாமி.

பெயரைக் கேட்டிருக்கிறான் எழுத்தன். பாஷை புரியாத அந்த மனுஷன், எதிரே நாற்காலியில் உட்கார்ந்திருப்பவனிடம் என்ன சொல்லப் பழகியிருந்தானோ அதைச் சொல்லியிருக்கிறான். மறுபடி கேட்டதும் இன்னும் குனிந்து மறுபடி சொல்லியிருக்கிறான். எந்தத் தமிழன் காதிலும் விழுந்திருந்தால் அந்த இடத்திலேயே விளங்கியிருக்கும். இயந்திரமோ இந்தியன் என்ற வார்த்தையைப் பார்த்ததும் பூர்வகுடிப் பெட்டியில் போட்டு மூடிவிட்டது. மணிமொழிக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டிருக்கும்போதே அழுகையும் வந்துவிட்டது. அவள் அம்மா பிள்ளைகளுக்குப் போட்ட ஒரே கட்டளை, அந்த வார்த்தை உங்க வாயில வரவே கூடாது என்பதுதான்.

தியாகேசனைக் கூப்பிட்டுச் சொன்னாள். அவன் முதலில் சந்தோஷத்தில் அவளைக் கட்டிப்பிடித்தான். பிறகு என்ன சொல்லியிருக்கிறான், யார் சொல்லியிருக்கிறான் என்பது மெதுவாக மண்டையில் ஏற, சோபாவில் போய் உட்கார்ந்தான்.

"அப்ப எங்க முப்பாட்டன்..." என்று இழுத்தான்.

"ஆமா. எங்கப்பா மாதிரிதான்."

அன்று மாலையே ஊருக்கு ஃபோன் செய்து அப்பாவிடம் சொன்னான். வைத்திலிங்கம் முதலில் நம்பவில்லை. அப்புறம், அந்த வார்த்தையைச் சொன்னவன் நம்மாளாக இருக்கமாட்டான், நம்மாளைப் பார்த்துப் பக்கத்தில் நின்ற எவனோ சொல்லியிருப்பான், வெள்ளைக்காரன் மாற்றி எழுதிவிட்டான் என்று ஒரு கதை கட்டினார். கடைசியில் பேத்தியின் நினைப்பு வந்ததோ என்னவோ, என்னத்தையாவது எழுதிக் கொடுத்துத் தொலை, ஊரில் மட்டும் மூச்சு விடாதே என்று வைத்துவிட்டார்.

அதோடு முடிந்திருந்தால் இது ஒரு சுபமான கதை. ஆனால் மணிமொழி எதையும் பாதியில் விடுகிறவள் இல்லை. அந்தப் பெயரைத் தேடினாள். கம்பரீன் சேமி சாகவில்லை. அதாவது அந்தப் பெயர் சாகவில்லை. தோட்டத்திலிருந்து விடுபட்ட அந்த மனுஷன் அங்கேயே ஒரு பெண்ணைக் கட்டியிருக்கிறான். தலைமுறைக்கு ஒரு மூத்த மகன் கம்பரீன் சேமி என்ற பெயரோடு பிறந்துகொண்டே இருந்திருக்கிறான். பால்டிமோரை ஒட்டிய விரிகுடாவின் கிழக்குக் கரையில் சேமி முனை என்று ஒரு மீன்பிடிக் குடியிருப்பு. நாற்பது குடும்பம். பதிவில் இந்தியன் என்று இருந்ததால் சட்டப்படி பூர்வகுடிகள். பூர்வகுடிகளிடம் ரத்தம் கேட்கக்கூடாது, அவர்கள் கரையில் யாரும் கைவைக்கக்கூடாது. பக்கத்துக் கரைகளெல்லாம் உல்லாச விடுதிகளாகிவிட, அந்த ஒரு முனையில் மட்டும் நண்டுப் படகுகள் நின்றன.

"நாம சொன்னா அவங்க பூர்வகுடி இல்லன்னு ஆயிடும்," என்றாள் தியாகேசனிடம்.

"நாட்டை விட்டா போகப்போறாங்க? அவங்களுக்கும் வேர் இருக்குல்ல, அதே ஆளுதானே வேர்."

"நாடு இருக்கும். கரை போயிடும்."

 மேலே துளிரின் அறையில் அவள் பூனையிடம் ஏதோ பேசிக்கொண்டிருந்தது கேட்டது. இருவரும் அதைக் கேட்டபடி உட்கார்ந்திருந்தார்கள். நமக்கு நம்ம பிள்ளை முக்கியம் மணி என்றான் கடைசியில். அவளுக்கும் அதுதான் முக்கியம். அதனால்தான் அவர்களை ஒரு தடவை நேரில் பார்த்துவிட வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியது. முகம் பார்க்காமல் ஒருவன் வீட்டைப் பிடுங்க அவளுக்கு மனம் வரவில்லை. பார்த்துவிட்டுப் பிடுங்கலாமா என்றும் கேட்டுக்கொண்டாள்.

சனிக்கிழமை நண்டு வாங்கப் போவதாகச் சொல்லிவிட்டுக் கிளம்பினாள். பொத்தான் காலரில் இருந்தது. மாவட்ட எல்லை தாண்டிப் போகையில் கழற்றினால் மனுவே ரத்து. வழக்கைப் பற்றி ஒரு வார்த்தை பேசக்கூடாது, நண்டைப் பற்றி மட்டும்தான் பேச்சு என்று வழி முழுக்கத் தனக்குத்தானே சொல்லிக்கொண்டு ஓட்டினாள். 

சேமி முனையில் படகுத்துறையில் கம்பிக் கூண்டுகளைக் கழுவிக்கொண்டிருந்த மனிதர்தான் கம்பரீன் சேமி. அறுபது வயதைத் தொட்டவர், அகன்ற தோள், வெயிலில் காய்ந்த மாநிறம். மணிமொழி அவருடைய முகத்தைப் பார்க்கவில்லை. காதைப் பார்த்தாள். மேல் ஓரம் மடங்கி, சற்றே வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் அந்தக் காதை அவள் பதினெட்டு வருடமாகத் தலையணையில் பார்த்துக்கொண்டிருக்கிறாள். மாமனாருக்கும் அதே காது.

நண்டு பற்றிப் பேசினாள். எப்போது நல்ல நண்டு வரும், ஆண் நண்டா பெண் நண்டா என்று எப்படிப் பார்ப்பது. அவர் ஆர்வமாகச் சொன்னார். அடுத்த வாரத்துக்கு ஒரு கூடை வேண்டுமென்று தன் ஃபோன் எண்ணைக் கொடுத்தாள். அதோடு திரும்பியிருக்க வேண்டும். ஆனால் அவர் தன் பெயரைச் சொன்னபோது, மற்றவர்கள் சொல்வது போல இல்லாமல் கும்ப்ரீன் சாமி என்று சொன்னார். வெளியாட்கள்தான் கம்பரீன் சேமி என்பார்களாம்.

"வித்தியாசமான பெயர்," என்றாள்.

"எங்கள் முதல் தகப்பனின் பெயர். பூர்வகுடிப் பாஷை. பாஷை அழிந்துவிட்டது, பெயர் மட்டும் இருக்கிறது. யாருக்கும் தலைவணங்காதவன் என்று அர்த்தம்."

மணிமொழி கடலைப் பார்த்தாள். சரி, நல்ல பெயர் என்றாள்.  பெயர் அவளுக்குப் பிடித்துவிட்டது என்று நினைத்தாரோ என்னவோ, அவளை வீட்டுப் பக்கம் அழைத்துப்போய்ப் பேரனைத் தூக்கி அவள் மடியில் வைத்தார். தவழ்கிற குழந்தை. அவனும் கும்ப்ரீன்தான். இந்தக் கரையில் அவனோடு பதின்மூன்று தலைமுறைக் கும்ப்ரீன் என்று விரல்விட்டுச் சொல்லிச் சிரித்தார்.

கார் வரைக்கும் கூடவே வந்தார். அங்கே நின்று கைகளைத் துடைத்துக்கொண்டு, இரண்டு உள்ளங்கையையும் நெஞ்சுக்கு நேரே சேர்த்தார். இடுப்பு வளையவில்லை. தலை நிமிர்ந்திருந்தது. விடைபெறும்போது இப்படிக் கைசேர்த்து, எதிரே நிற்பவரின் முழுப்பெயரைச் சொல்வது எங்கள் வழக்கம், வேறு எந்தக் குடியிலும் இது கிடையாது என்றார். பிறகு அவளுடைய பெயரை ஒவ்வோர் எழுத்தாகக் கேட்டுக்கொண்டு, "மணிமொழி தியாகேசன்" என்றார்.

இனி அவள் முறை. அவள் அப்பா வாழ்நாளெல்லாம் குனிந்து சொன்னதை, இந்த மனிதன் நிமிர்ந்து நின்று தன் பெயராகச் சொல்லக் கற்றுக்கொண்டிருக்கிறான். அம்மாவின் கட்டளை ஞாபகம் வந்தது. ஆனால் சொல்லாமல் போவது மரியாதையாக இருக்காது. பெயர்தானே, அவருடைய சொந்தப் பெயர்தானே. மணிமொழி கைகூப்பினாள். நாற்பது வருடத்தில் முதல் தடவையாக அவள் வாயிலிருந்து அது வந்தது.

"கும்புடுறேன் சாமி."

அவர் முகம் மலர்ந்தது. வெளியாள் ஒருவர் இவ்வளவு சரியாகச் சொல்லி நான் கேட்டதில்லை என்றார்.

வீட்டுக்கு வந்ததும் பொத்தானை அரிசிக்குள் புதைத்துவிட்டுத் தியாகேசனிடம், நான் சொல்லப்போவதில்லை என்றாள். அவன் கத்தினான். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அவன் அப்படிக் கத்தி அவள் கேட்டதில்லை. நீ சொல்லாட்டி நான் சொல்றேன், ரெண்டே வார்த்தை, எனக்கு வாயில்லையா என்றான். சொல்லுங்க என்றாள் அவள். துளிரைக் கூட்டிக்கொண்டு போக எனக்கும்தான் பயமாக இருக்கிறது, ராத்திரி தூக்கமில்லை, ஆனால் அந்தக் குழந்தையைத் தூக்கி என் மடியில் வைத்தார், நான் எப்படிச் சொல்வேன் என்று அழுதாள். உங்கள் காது அவருக்கு இருக்கிறது என்றாள். தியாகேசன் தன் காதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு வெளியே போய்விட்டான்.

விசாரணை நாளில் மூவரும் போனார்கள். துளிர் பள்ளிக்கூட விழாவுக்குப் போடும் வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டாள். பூனைக்கு யாரிடம் சொல்லிவிட்டுப் போவது என்று மட்டும் காரில் கேட்டாள். 

மிஸஸ் ட்ரெண்ட் எழுந்து கைகுலுக்கினார். பதிவுகளில் உங்கள் மூதாதையின் பெயரைக் கண்டீர்களா என்று முறைப்படி கேட்டார். மணிமொழி இல்லை என்றாள். குரல் நடுங்காமல் வந்ததில் அவளுக்கே ஆச்சரியம். அதிகாரி தியாகேசன் பக்கம் திரும்பினார். மணிமொழி அவன் வாயையே பார்த்தாள். அவன் தொண்டையைச் செருமினான், வாயைத் திறந்தான், மூடினான். இல்லை என்று தலையசைத்தான். அது அவளுக்காகவா, இல்லை அந்த இரண்டு வார்த்தை மிராசுதார் வீட்டுப் பிள்ளையின் வாயில் வர மறுத்ததா என்று அவளுக்கு விளங்கவில்லை. துளிர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

மிஸஸ் ட்ரெண்ட் புன்னகைத்தார்.

"பரவாயில்லை. தெரியாமலே செய்திருக்கிறீர்கள். சில பேருக்கு அப்படித்தான் அமையும்."

மேசையில் எதையோ தட்டினார். அறையில் கடற்காக்கைகள் கத்தின. காற்று இரைந்தது. அதற்குள்ளிருந்து மணிமொழியின் குரல் வந்தது. கும்புடுறேன் சாமி. வெளியாள் ஒருவர் இவ்வளவு சரியாகச் சொல்லி நான் கேட்டதில்லை என்றது இன்னொரு குரல்.

"பொத்தான் இதைத் தமிழ் வாக்கியம் என்று குறித்தது. எதிரிலிருப்பவரோ அதைத் தன் பெயர் என்கிறார். அப்புறம் இயந்திரத்துக்கு எத்தனை நேரம் வேண்டும்? பழைய பதிவு, அந்தக் குடும்பம், புகைக்குழாய், நீங்கள் எல்லாம் ஒரே நூலில் வந்துவிட்டது. அந்த இந்தியன் உங்கள் இந்தியன். வாழ்த்துகள். நீங்கள் மூவரும் இங்கேயே இருக்கலாம்."

துளிர் ஒரு கேவல் கேவினாள். பிறகு சின்னப் பிள்ளையாய் இருந்தபோது அழுத மாதிரி அப்பாவின் தோளில் விழுந்து அழுதாள். தியாகேசனும் அழுதான். மணிமொழிக்கு அந்தக் கணத்தில் வந்தது சந்தோஷம்தான். அதை அவள் மறைக்க முடியாது. மகளின் தலையைத் தடவினாள். அடுத்த மூச்சில் சேமி முனை நினைவுக்கு வந்தது.

"அந்தக் குடும்பம்?" என்று கேட்டாள்.

"அது வேறு பிரிவு," என்றார் மிஸஸ் ட்ரெண்ட். "அவர்களுக்குத் தாள் இன்று காலையே போயிருக்கும். மிட்டாய் எடுத்துக்கொள்ளுங்கள்."

பொத்தானைக் கீழ்த்தளத்து ஜன்னலில் திருப்பிக் கொடுக்கச் சொன்னார்கள். அங்கே வரிசை நின்றது. தியாகேசன் ஊருக்கு ஃபோன் செய்து அப்பாவிடம் விஷயத்தைச் சொல்லிக்கொண்டிருந்தான். பதிவில் என்ன பெயர் போட்டிருக்கிறார்கள் என்று அவர் கேட்டிருக்க வேண்டும். அதுதாம்ப்பா, அந்தப் பேருதான் என்று இரண்டு முறை சொன்னான். துளிர் கொரியத் தோழிக்குச் செய்தி அனுப்பிக்கொண்டிருந்தாள். மணிமொழியின் ஃபோன் அடித்தது. தெரியாத எண். எடுப்பதற்கு முன்பே யாரென்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் அவளுக்குத் தேவலையாக இருந்திருக்கும். நண்டுக் கூடைக்குக் கொடுத்த எண்ணை வைத்துக் கூப்பிடுவதற்கு மன்னிப்புக் கேட்டார். காலையில் தாள் வந்தது, அதில் உங்கள் பெயரும் இருந்தது என்றார். கரையைப் பற்றி வக்கீலிடம் பேசவேண்டும், அது அப்புறம் என்றார்.

"என் பெயர் உங்கள் பாஷை என்று போட்டிருக்கிறார்கள். அர்த்தம் போடவில்லை. என் மகன் கேட்கிறான். அதனால்தான் கூப்பிட்டேன்."

மணிமொழி சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். அவரிடமிருந்து எல்லாமே போய்விட்டது. இந்த ஒன்றாவது இருக்கட்டும் என்று நினைத்தாள். ஃபோனை வாயோடு சேர்த்து வைத்துக்கொண்டு, நிதானமாக, தெளிவான ஆங்கிலத்தில் சொன்னாள்.

"நீங்கள் சொன்னதுதான் சரி. யாருக்கும் தலைவணங்காதவன் என்றுதான் அர்த்தம்."

"திருத்தம்," என்றது அவள் காலரிலிருந்த பொத்தான். வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்க்கும் அளவுக்கு அதன் குரல் தெளிவாக இருந்தது. "சரியான பொருள்: ஐயா, நான் உங்களை வணங்குகிறேன்."

மணிமொழி கையால் அதைப் பொத்தினாள். மறுமுனையில் கடற்காக்கைகள் கத்துவதும், தூரத்தில் ஒரு குழந்தை சிணுங்குவதும் கேட்டன. அவர் வைத்துவிட்டாரோ என்று நினைத்தாள். வைக்கவில்லை. 

"யாரை?" என்று கேட்டார்.